காது கேளாத வெள்ளையனும் எங்கள் நன்னிமாவும்



ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் வீட்டில் இஷா தொழுகைக்குப் பின் ஒரு வழக்கம் உண்டு. இரவுச் சாப்பாட்டின்போது ஆளுக்கொரு துணுக்குச் செய்தி சொல்ல வேண்டும். சொல்லாதவர் தட்டுகளைக் கழுவ வேண்டும். இந்தத் தண்டனைக்கு அஞ்சியே எங்கள் பிள்ளைகள் அறிவாளிகள் ஆகிக்கொண்டிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற ஆண்டு ஒரு வாரம் முழுவதும் ‘காது’ என்பதே தலைப்பு. பல்லியின் ஒரு காதுத் துளை வழியே பார்த்தால் மறு பக்கத்து வெளிச்சம் தெரியும் என்றான் மூத்தவன். அன்று முதல் சுவரில் இருந்த பல்லிகளுக்கு நிம்மதி போயிற்று. சில்வண்டுக்குக் காது இருப்பது தலையில் அன்று, முன்னங்காலில் என்றான் இரண்டாமவன். இங்கிருந்து மேற்கே தெரியும் மலையில் திரியும் யானைகள், நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்ளும், நிலத்தின் அதிர்வைக் காலால் உணரும் என்றாள் இளையவள். நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை. யானையின் பேச்சில் ஒரு பகுதி அதற்கும் கீழே நடக்கிறது. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு காதுக்குள் இருக்கிறது, நீளம் சுமார் 3 மில்லிமீட்டர், ஓர் அரிசியில் பாதி என்று நாங்களும் எங்கள் பங்கைச் சொல்லித் தட்டுக் கழுவுவதிலிருந்து தப்பினோம்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது விரிப்பின் ஓரத்தில் அமர்ந்திருந்த நன்னிமா கேட்டார்: “என்னத்தா சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல நன்னிமா” என்றோம்.

அவரும் ஒன்றுமில்லாததற்காகக் கொஞ்சம் சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நன்னிமா என்பது பிள்ளைகள் அழைக்கும் முறை. அவர்களைப் பார்த்து இப்போது வீடே அப்படித்தான் அழைக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம், மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளுக்கு நடுவே வாழ்ந்தவர். நன்னா தறி ஓட்ட, இவர் அருகிலேயே நூல் சுற்றுவார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த ‘டக்கடக்’ ஓசைக்குள்ளேயே கழிந்தன. விசைத்தறிக் கூடத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நம் உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் காதுக்குச் சுமார் 15,000 மட்டுமே. பறவைகளுக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை. நன்னா மவுத்தான பின் எங்களோடு வந்து தங்கியபோதே அவருக்குச் செவி பாதி மங்கியிருந்தது.

முதலில் உரக்கப் பேசினோம். பிறகு கத்தினோம். பிறகு கத்துவதற்கும் சோம்பல் வந்து, ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லப் பழகினோம். இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குடும்பத்தில் ஒரு நிக்காஹுக்குத் தேதி குறித்தோம். பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து கையைப் பிடித்து மகிழ்ச்சி தெரிவித்தபோதுதான் நன்னிமாவுக்கே செய்தி தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. “எனக்குத்தான் காது கேக்காது. உங்களுக்கு வாயுமா இல்லாமப் போச்சு?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. பதில், சுமார் 12 கி.மீ. தொலைவில், ராஜபாளையத்து மாந்தோப்பு ஒன்றில் வாலாட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தோப்பு மாமுவுடையது. நன்னிமாவின் மகன், பிள்ளைகளின் தாய்மாமன். மலையடிவாரம் ஆதலால் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். காவலுக்காக ராஜபாளையம் நாய் ஒன்றை வளர்க்கிறார். தோப்புக்கும் கால்நடைக்கும் காவலாகவும் வேட்டைக்காகவும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதை அறிவீர்கள். இந்த இனமே பன்றி வேட்டைக்குப் பேர்போனது. பால் போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராஜபாளையத்துக்கும் அதில் இடம் கிடைத்தது.

மாமுவின் வெள்ளையனுக்குக் காது கேளாது. இவ்வினத்தில் கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. அழகுக்குக் கொடுத்த விலை என்றே சொல்லலாம். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்காதுக்குள்ளும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே உட்காதின் மயிர்ச் செல்கள் மடிந்துவிடும். முழு வெண்மையும் நீலக் கண்ணும் உடைய பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை டார்வினும் 1859-இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

காது கேளாத நாய் எப்படிக் காவல் காக்கும்? அந்த வாரத் துணுக்குகளின் சூட்டோடு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனோம். நன்னிமாவை அழைக்கவில்லை, “எதுக்கு அவங்களுக்கு அலைச்சல்” என்று எங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டோம்.

வெள்ளையன் மரத்தடியில் உறங்கிக்கொண்டிருந்தது. மாமு அதன் பெயரைக் கூப்பிடவில்லை. சற்றுத் தொலைவில் நின்று காலால் தரையை இருமுறை மிதித்தார். அதிர்வு உணர்ந்து அது தலையைத் தூக்கியது. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுவிடும் என்பதால், சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். உள்ளங்கையைக் காட்டினால் ‘இரு’, விரலை மடக்கினால் ‘வா’. இரவில் டார்ச் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டி அழைப்பாராம். துணைக்குக் காது கேட்கும் நாட்டு நாய் ஒன்றும் இருக்கிறது. அது எழுந்தால் இதுவும் எழும். பன்றி வருவதை அது அறிவிக்கும், இது விரட்டும்.

“இவ்வளவும் கத்துக்க எத்தனை நாளாச்சு மாமு?” என்று கேட்டாள் இளையவள்.

“அதுவா? அது ஒரு மாசத்துல கத்துக்கிருச்சு. எனக்குத்தான் ஒரு வருஷமாச்சு” என்றார் மாமு.

திரும்பும் பேருந்தில், ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவள் கேட்டாள்: “மாமு வெள்ளையனுக்கு முன்னாடி வந்து நின்னுதானே பேசுறாங்க. நாம மட்டும் ஏன் நன்னிமாகிட்ட அடுப்படியிலேர்ந்தே கத்துறோம்?”

தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் முகந்து கொடுத்த மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்த ஹதீஸை எத்தனை முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்! உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் கூலி உண்டு என்று அவர்களைப் பாடமும் ஆக்க வைத்தோம். அந்தப் பாடத்தின் அடுத்த வரியைச் சிறுமி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மறுவாரமே மருத்துவரிடம் போனோம். முதுமையிலும் இரைச்சலாலும் மங்கும் செவி, உயர்ந்த சுருதி ஒலிகளை முதலில் இழக்கும் என்று அவர் விளக்கினார். ஆகவே குழந்தைகளின் கீச்சுக் குரல்தான் முதலில் தொலையும். ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் கரையும். கத்தினால் சத்தம் பெருகுமே தவிரத் தெளிவு பெருகாது. முன்னால் வந்து, நிதானமாக, குரலைச் சற்றுத் தாழ்த்திப் பேசுவதே நல்லது. ஏறக்குறைய மாமு சொன்னதுதான். கட்டணம் மட்டும் வேறு.

காது மெஷின் வந்தது. அதோடு வேடிக்கைகளும் வந்தன. அதன் பொட்டு பேட்டரிக்குக் காற்றுதான் உணவு. மேலே ஒட்டியிருக்கும் வண்ணச் சிட்டையை உரித்தவுடன் காற்று புகுந்து வேலை தொடங்கும். மீண்டும் ஒட்டினாலும் முழுமையாக நிற்காது. இதை அறியாத இரண்டாமவன், சிட்டை அழகாக இருக்கிறதென்று ஓர் அட்டையிலிருந்த ஆறையும் உரித்துத் தன் நோட்டில் ஒட்டிவிட்டான். அடுத்து, ஒளு எடுக்கும்போது காதுகளுக்கு மஸ்ஹு செய்ய மெஷினைக் கழற்ற வேண்டும். கழற்றியதை எங்கே வைப்பது? நன்னிமா பத்திரமாகப் பால்கோவா டப்பாவில் வைத்தார். ஊர்ப் பெருமையாகிய பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதன் டப்பாவுக்கு இன்னும் பெரிய பதவி கிடைத்துவிட்டது. பால்கோவா வாங்கினால் ‘இனிப்பு டப்பா’, ‘காது டப்பா’ என்று இப்போது எழுதி வைக்கிறோம்.

பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலியையும் கைப்பேசியில் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தோம். “மருந்து சாப்பிட்டீங்களா?” என்று மூத்தவன் கேட்டான். “விருந்து சாப்பிட்டீங்களா?” என்று திரை காட்டியது. “யார் வீட்டுலத்தா? சொல்லவே இல்லையே” என்று முந்தானையைச் சரிசெய்தபடி எழுந்துவிட்டார் நன்னிமா. அன்று அவரும் சேர்ந்தே சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மெஷினைவிடப் பெரிய மாற்றம், உட்காரும் முறைதான். இப்போது துணுக்கு நேரத்தில் எல்லோரும் வெளிச்சத்தில், நன்னிமாவுக்கு முகம் தெரியும்படி அமர்கிறோம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசுவதில்லை. அப்படி அமர்ந்த முதல் வாரத்தில் நன்னிமாவும் ஒரு துணுக்குச் சொன்னார்.

“தறி ஓடுறப்போ ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காதுத்தா. நானும் உங்க நன்னாவும் உதட்டையும் கையையும் பார்த்தே நாப்பது வருஷம் பேசிக்கிட்டோம். சண்டைகூட அப்படித்தான் போட்டோம். நீங்க முகத்தைக் காட்டுனாப் போதும், பாதி எனக்கு வெளங்கிரும்.”

இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளிலும் பெண்கள் இவ்வாறே உதடசைவால் பேசிக்கொண்டார்கள் என்று நூல்களில் படித்திருக்கிறோம். சீமையில் நடந்தது தெரிந்த எங்களுக்கு, அடுப்படிக்கு வெளியே அமர்ந்திருந்தவரின் வித்தை தெரியவில்லை. வருடக்கணக்காக முதுகைக் காட்டியே பேசிவிட்டு, அவருக்குக் கேட்பதில்லை என்று குறை சொல்லியிருக்கிறோம்.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனத்தை நாம் அனைவரும் அறிவோம். முதுமையடைந்த பெற்றோரை நோக்கி ‘ச்சீ’ என்றுகூடச் சொல்லக் கூடாது, கண்ணியமான பேச்சையே பேச வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை. நாங்கள் ஒருநாளும் ‘ச்சீ’ என்று சொன்னதில்லை. அந்தத் திருப்தியும் எங்களுக்கு இருந்தது. ஆனால் ‘ஒண்ணுமில்ல’ என்று எத்தனை முறை சொன்னோம்! அதே அத்தியாயத்தில் பதின்மூன்று வசனங்கள் தாண்டி, செவி, பார்வை, உள்ளம் ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் விசாரிக்கப்படும் என்ற எச்சரிக்கை வருகிறது. அந்த விசாரணை நன்னிமாவின் மங்கிய செவியைப் பற்றியதாக இராது. நன்றாகக் கேட்கும் எங்கள் செவிகளைப் பற்றியதாகவே இருக்கும்.

உங்கள் வீட்டிலும் விரிப்பின் ஓரத்தில் ஒருவர் அமர்ந்திருக்கலாம். இன்றிரவு சாப்பாட்டின்போது அவர் எதிரே போய் உட்காருங்கள். சொல்வதற்குச் செய்தி இல்லையென்றால் பல்லியின் காதைப் பற்றிச் சொல்லுங்கள்.

முதியோரைக் கண்ணியப்படுத்தும் பிள்ளைகளாக நம்மையும், நம் சந்ததியையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.