கடன் தாளும் தாய்மொழியும்

கடனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் உடனே அறநூல்களைத் துணைக்கு அழைப்பர். கடன் வாங்காதே என்பர். வாங்கினவன் தூக்கம் போயிற்று என்பர். நம் சங்கத்தின் ஆண்டு மலரில் நானும் அதையே எழுதப் போவதில்லை. கடன் வாங்காமல் காலந்தள்ள இயலாதவர்களே நம்மில் பலர். அவர்களிடம் வாங்காதே என்பது, மழையில் நிற்பவரைப் பார்த்து நனையாதே என்பது போலத்தான். வாங்கியவருக்குச் சட்டம் என்ன காவல் தந்திருக்கிறது என்பதே எனக்கு வேண்டியது. காவல்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தன் கடனைத் தன் மொழியில் படிக்கும் உரிமை.

இந்த மாநிலத்தில் அது புதிய வழக்கு அன்று. 1875ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், புனே மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில் உழவர்கள் திரண்டு வட்டிக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்தனர். அந்தக் கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. தக்காணக் கலகம் என்று வரலாற்று நூல்கள் அதைக் குறிக்கின்றன. அவர்கள் முதன்மையாகத் தேடியது பொன்னையும் பொருளையும் அன்று, பத்திரங்களை. கிடைத்த பத்திரங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினர். எழுதப் படிக்கத் தெரியாத உழவருக்குத் தாம் கைநாட்டு வைத்த தாளில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அந்தத் தாள்தான் நிலத்தைக் கொண்டுபோகிறது என்பது மட்டும் தெரிந்தது. படிக்க இயலாத தாளை எரிக்கத்தானே இயலும்!

நான்கு ஆண்டுகள் கழித்து, 1879இல், தக்காண உழவர் துயர்தீர்ப்புச் சட்டம் வந்தது. பத்திரத்தில் எழுதியிருக்கிறதே என்று நீதிமன்றம் விட்டுவிடக் கூடாது. கடனின் கதையை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்றது அச்சட்டம். பணம் கட்டினால் பற்றுச்சீட்டு, ஆண்டுதோறும் கணக்கு என்பனவும் அதில் இருந்தன. பின்னர் 1946ஆம் ஆண்டுப் பம்பாய் வட்டிக்கடைக்காரர் சட்டம், அசலுக்கு மேற்பட்ட வட்டிக்கு நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாகாது என்று வரம்பு கட்டியது. 'தாம்துபட்' என்ற பழைய இந்து நெறிமுறைதான் அது. அச்சட்டத்தின் இடத்தில் 2014இல் மராட்டிய மாநிலத்தின் புதிய வட்டித்தொழில் சட்டம் வந்தது.

இவ்வளவும் படித்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி. தாராவியில் இருக்கும் என் அம்மாவுக்கும் இந்த வரம்பு காவலாகும் என்று எண்ணினேன். ஆகாது என்று பிறகு தெரிந்தது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களை மாநில வட்டித்தொழில் சட்டங்கள் கட்டுப்படுத்தா என்று 2022ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கு கேரளத்தைச் சேர்ந்தது. விளைவு நாடு முழுமைக்கும் உரியது. அம்மா கடன் வாங்கியிருப்பது அத்தகைய நிறுவனம் ஒன்றில். எனவே பழைய சட்டங்களை மடித்து வைத்துவிட்டு ரிசர்வ் வங்கியின் விதிகளைத் தேடிப் போனேன்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. அப்பா தோல் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா விடியுமுன் இட்டிலி அவித்து விற்பவர். கிரைண்டர் பழுதாகிப் போகவே, சந்துக்குள் ஐந்து பெண்கள் சேர்ந்து குழுக்கடன் எடுத்தார்கள். அம்மாவின் பங்கு 36,000 ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை. பணம் கொடுக்க வந்த இளைஞர் வட்டியை வாயால் சொன்னார்: "ஏக் டக்கா." மராத்தியில் நூற்றுக்கு ஒன்று. அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு ரூபாய் வட்டி. அம்மாவுக்கு அது மலிவாகவே பட்டது. ஊரில் மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று பார்த்தவர்தாமே.

இயற்பியல் படிக்கிறவளுக்கு இங்கேதான் தலை சுற்றும். எங்கள் துறையில் அளவைவிட அலகு முக்கியம். ஒருவர் கஜத்திலும் ஒருவர் மீட்டரிலும் துணியை அளந்து எண்ணை மட்டும் சொன்னால் யாருடைய துணி நீளம் என்று எப்படித் தெரியும்? வட்டியிலும் அதே குழப்பம். மாதம் நூற்றுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 4,320 ரூபாய். அசலோடு கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தவணை 3,360. இதில் பொய்யில்லை. ஆனால் முதல் தவணை கட்டிய மறுகணமே அம்மாவிடம் முழு 36,000 இல்லை. ஆறாம் தவணையோடு பாதி அசல் திரும்பிப் போய்விட்டது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு 36,000க்கும் ஓடுகிறது. குறைந்து வரும் அசலுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 12 அன்று, ஏறத்தாழ இருபத்தொன்றரை. போதாக்குறைக்குக் கைக்கு வந்த தொகையே 34,500 ரூபாய்தான். வரியோடு சேர்த்துப் பரிசீலனைக் கட்டணம் 425, காப்பீடு 1,075 என்று முன்னதாகவே பிடித்துக்கொண்டார்கள். அதையும் சேர்த்தால் 30க்குச் சற்றே குறைவு. 'ஏக் டக்கா' என்ற ஒன்று எங்கே, இந்த முப்பது எங்கே!

இந்த முப்பதை மறைக்கக் கூடாது என்பதுதான் இன்றைய விதி. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து தனிமனிதருக்குத் தரும் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் 'முக்கிய விவரத் தாள்' ஒன்று தரவேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, ஆண்டுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாக அதில் காட்ட வேண்டும். தாளில் சொல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான இசைவின்றிப் பின்னால் வாங்கக் கூடாது. ஏழு நாளுக்குக் குறையாத கடன் என்றால், தாளைக் கொடுத்தபின் குறைந்தது மூன்று வேலை நாள் எண்ணிப் பார்க்கக் காலம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாள் கடனாளி புரிந்துகொள்ளும் மொழியில் இருக்க வேண்டும். அதை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் பெற வேண்டும்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மா அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாள் அதற்குள் இருந்தது! நான் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த எண், 29.8 என்று அழகாக அச்சாகியிருந்தது. சட்டம் கேட்டது அத்தனையும் நிறைவேறியிருந்தது, ஆங்கிலத்தில். கடைசி வரி, 'எனக்குப் புரியும் மொழியில் இது எனக்கு விளக்கப்பட்டது' என்றது. அதுவும் ஆங்கிலமே. அதன் கீழே அம்மாவின் கையெழுத்து, தமிழில்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் நாளிதழைத் தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை படித்து முடிப்பார். அவரை எழுத்தறியாதவராக்கியது அந்தத் தாள்தான்.

"ஏட்டி, இதுல என்னதான் எழுதிருக்கான்?" என்றார். படித்துச் சொன்னேன். முப்பதைக் கேட்டு அவர் அதிரவில்லை. "காப்பீடா? அது யாரு கேட்டா?" என்பதுதான் அவர் கேள்வி. நல்ல கேள்வி. சிறுகடன் பற்றி 2022ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் வந்த விதிகளின்படி, கடனல்லாத பிற பண்டங்களை முழு இசைவு பெற்றே விற்கலாம். அந்த விதிகளில் வேறு சிலவும் உண்டு. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் தண்டம் இல்லை. தவறிய தவணைக்கு மட்டுமே தண்டம், முழுக் கடனுக்கும் அன்று. ஆனால் வட்டிக்கு முன்பிருந்த உச்ச வரம்பை அந்த விதிகள் எடுத்துவிட்டன. அநியாய வட்டி கூடாது என்ற சொல் இருக்கிறது, எண் இல்லை. இது எனக்கு உடன்பாடன்று. வரம்பு போன பிறகு ஏழைக்கு மிஞ்சியது அந்த ஒரு தாளின் வெளிச்சந்தான். அதையும் தெரியாத மொழியில் கொடுத்தால் என்ன மிஞ்சும்?

இன்னொன்றும் நடந்தது. குழுவில் ஒருவர், நான் அத்தை என்று அழைப்பவர், ஒரு தவணை தவறினார். இரவு எட்டரை மணிக்கு இரண்டு பேர் வந்து அவர் வாசலில் நின்றுகொண்டார்கள். அம்மாவும் மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிய பிறகே நகர்ந்தார்கள். சிறுகடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்றும், குறித்த இடத்துக்கு இரு முறை தொடர்ந்து வராதவர் வீட்டுக்கே வசூலுக்குப் போகலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அத்தைக்கு அது முதல் தவறல். அன்றிரவு அந்தச் சந்தில் யாருக்கும் இது தெரியாது.

அம்மாவும் நானும் நிறுவனத்தின் கிளைக்குப் போனோம். மேலாளர் மரியாதையானவர், நாற்காலி போடச் சொன்னார். தமிழ்ப் படிவம் இருக்கிறது, ஆனால் அது தமிழ்நாட்டுக் கிளைகளுக்கு, இங்கே மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும்தான் என்று இந்தியில் விளக்கினார். விதி மாநிலத்தின் மொழியைச் சொல்லவில்லை, கடனாளிக்குப் புரியும் மொழியைச் சொல்கிறது என்றேன். அவர் சிரித்தார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். முறையீடு கொடுத்து 30 நாளுக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆகவே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். அந்த முத்திரையைக் கேட்டபோதுதான் மேலாளரின் சிரிப்பு நின்றது.

பத்தொன்பதாம் நாள் தமிழ்த் தாள் வந்தது. மொழிபெயர்ப்பு கரடுமுரடானது; 'வருடாந்திர சதவீத விகிதம்' என்பதை அம்மா இரண்டு முறை படித்தார். ஆனாலும் காப்பீட்டு வரியைத் தாமே கண்டுபிடித்து, பேனாவால் அடிக்கோடிட்டு, "நான் கேட்கவில்லை" என்று ஓரத்தில் எழுதினார். அந்த 1,075 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. இதை எழுதும் இன்று அதற்கு இருபத்திரண்டாம் நாள்.

குழுவில் மற்ற நால்வரில் மூவருக்குத் தமிழ், ஒருவருக்குத் தெலுங்கு. நால்வருக்கும் விண்ணப்பங்கள் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாவரைத்து முடிந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும்.