"கரண்ட் போனா இந்தத் தண்ணி எங்கங்க போகும்?" - கடல்மீன் தொட்டிக்கு முன் மனைவி கேட்ட கேள்வி!

தங்கமீன், கப்பி என்று நன்னீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்களுக்கு ஒருநாள் கடல்மீன் ஆசை வந்தே தீரும். சென்னை அம்பத்தூரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில் வசிக்கும் அந்தக் குடும்பத் தலைவருக்கு அது நாற்பத்தைந்து வயதில் வந்தது. தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவர். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நீமோ மீன் வேண்டும். அவருக்கோ ஹாலில் ஒரு குட்டிக் கடலே வேண்டும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கொளத்தூர் மீன் கடைகளைச் சுற்றினார். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் எனத் தொட்டியின் அளவு முடிவானது. சுமார் 250 லிட்டர் பிடிக்கும். "இதுக்கு ஒரு ஸ்கிம்மரும் கீழ ஒரு சம்ப்பும் கட்டாயம் வேணும் சார்" என்றார் கடைக்காரர்.

வீட்டில் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பு. "சம்ப்பா? அதான் அபார்ட்மென்ட்டுக்குக் கீழேயே இருக்கே!"

மெட்ரோ வாட்டர் வந்து இறங்கும் நிலத்தடித் தொட்டியைத்தான் சென்னைவாசிகள் சம்ப் என்பார்கள். மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப், பெரிய தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு சிறிய கண்ணாடித் தொட்டி. மேலே இருந்து தண்ணீர் குழாய் வழியாக வழிந்து அதில் இறங்கும். முதல் அறையில் வடிகட்டித் துணி, நடு அறையில் ஸ்கிம்மர், கடைசி அறையில் மோட்டார். சுத்தமான தண்ணீரை அந்த மோட்டார் மறுபடியும் மேலே ஏற்றும்.

ஸ்கிம்மரின் வேலையை ஓர் அடுப்படி உதாரணத்தில் சொல்லிவிடலாம். பருப்பு வேகும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுப்போமே, கிட்டத்தட்ட அதுதான். உப்புத் தண்ணீரில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகளை விட்டால், மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து கரையும் புரதம் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொள்ளும். நுரை மேலேறி ஒரு கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் சேரும். அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே அழுக்கு வெளியே வந்துவிடும். நன்னீரில் இந்த அளவுக்கு நுரை திரளாது என்பதால், தங்கமீன் தொட்டிக்கு இது தேவைப்படுவதில்லை.

"பெருசா ஒண்ணு வாங்கிப் போடுங்க சார், கவலையே இல்ல" என்பது கடையில் கிடைத்த ஆலோசனை. அதுவும் முழுக்கச் சரியில்லை. தொட்டி, சம்ப் இரண்டும் சேர்த்து 300 லிட்டர் தண்ணீர் என்றால், 400 முதல் 500 லிட்டருக்கானது என்று போட்டிருக்கும் ஸ்கிம்மர் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டியை மனதில் வைத்துச் சொல்வது. அதனால்தான் கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார்கள். அதற்காக ஆயிரம் லிட்டர் ஸ்கிம்மரை வாங்கி நாலு மீனுக்கு மாட்டினால், நுரை சீராகக் கிண்ணம்வரை ஏறவே ஏறாது.

தொட்டிக்குள் என்ன இருக்கப்போகிறது என்பதையும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். அவர் ஆசைப்பட்டது பவளப்பாறைத் தொட்டி. ஆனால், கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே பட்டியல்! மன்னார் வளைகுடாவில் இருந்து ஒரு துண்டு பவளக்கல்லை எடுத்து வந்தாலும் குற்றம்தான். கடையில் விற்கிறார்கள் என்பதாலேயே அது சட்டப்படி சரியாகிவிடாது. இதைத் தெரிந்துகொண்டதும் அவர் பவளத்தைக் கைவிட்டார். செயற்கைப் பாறை, நாலைந்து சின்ன மீன்கள், அவ்வளவுதான். மகளின் நீமோவுக்குத் தடையில்லை. கோமாளி மீன்களைக் கடலில் பிடிக்காமல் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் எப்போதோ உருவாக்கிவிட்டது.

எல்லாம் முடிவாகி முன்பணம் கொடுக்கக் கிளம்பிய நேரத்தில்தான் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏங்க, தண்ணி மேலயும் கீழயும் போயிட்டே இருக்கும்னு சொல்றீங்க. ராத்திரி கரண்ட் போனா மேல இருக்கற தண்ணி எங்கங்க போகும்? கீழ் வீட்டு மாமி இப்பதான் சீலிங்குக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க."

சம்ப் வாங்கும் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மோட்டார் நின்றதும், மேலே ஏற்றிய குழாய் வழியாகவே தண்ணீர் தலைகீழாகக் கீழே இழுபடும். மேல் தொட்டியில் குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுக்கும்வரை அது நிற்காது.

அன்று கடைக்குப் போகவில்லை. இருவரும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள். மேல் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது சுமார் 14 லிட்டர். கடைக்காரர் சொன்ன சம்ப், இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், 15 அங்குல உயரம். அதில் ஓர் அங்குலத்துக்கு 6 லிட்டர். ஒன்பது அங்குலத்துக்குத் தண்ணீர் ஓடினால், மீதி ஆறு அங்குலத்தில் 35 லிட்டருக்குத்தான் இடம். குழாயின் வாய் தண்ணீருக்குள் நான்கு அங்குலம் மூழ்கியிருந்தால் 56 லிட்டர் இறங்கும். அதாவது 20 லிட்டருக்கு மேல் ஹாலில் ஓடும். அதே வாய் ஓர் அங்குலம் மட்டும் மூழ்கியிருந்தால், குழாய்களில் தேங்கிய தண்ணீரையும் சேர்த்து 20 லிட்டருக்குள் முடிந்துவிடும்.

"நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுடலாம் சார்" என்றார் கடைக்காரர். போடலாம். ஆனால், உப்பு படிந்தால் அது சரியாக மூடாது. அதை மட்டுமே நம்பக் கூடாது. சம்ப்பில் காலி இடம் இருப்பதுதான் நம்பகமான பாதுகாப்பு.

ஸ்கிம்மரையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் தேர்வு செய்தார்கள். ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை அங்குல ஆழத்தில்தான் நிற்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். ஆழம் கூடினால் கிண்ணம் நிரம்பி வழியும், குறைந்தால் நுரையே வராது. நடு அறையின் தடுப்புக் கண்ணாடி எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான் அங்கே தண்ணீர் மட்டம். ஆக, முதலில் ஸ்கிம்மர், பிறகு அதற்கேற்ற தடுப்பு. கிண்ணத்தைக் கழற்றிக் கழுவ ஸ்டாண்டுக்குள் மேலே கை போகும் இடம் வேண்டும் என்பதை மனைவிதான் டேப் வைத்து அளந்து சொன்னார்.

வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகும்போது, குறைவது மோட்டார் அறையில் மட்டும்தான். அங்கே உப்பில்லாத ஆர்.ஓ தண்ணீரை ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் மீன்களுக்குக் காற்று கொடுக்க, பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றும் வாங்கினார்கள்.

பொருள்கள் வந்து பொருத்தியதும், உப்பு போடும் முன்பே வெறும் தண்ணீரில் ஒத்திகை நடந்தது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் பத்து கிலோவுக்கு மேல் உப்பு பிடிக்கும் தொட்டி. சோதனைக்காக அதை வீணாக்க முடியாதே! மாப், இரண்டு பக்கெட், பழைய துண்டுகள் எல்லாம் தயார். மகள் ஸ்விட்சை அணைத்தாள்.

சம்ப்பில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. யாரும் பேசவில்லை. விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வந்ததும் அப்படியே நின்றது. மகள் மார்க்கர் பேனாவால் அங்கே ஒரு கோடு போட்டாள். மறுபடி ஸ்விட்சைப் போட்டு, தண்ணீர் ஓடும்போது இருக்கும் மட்டத்தில் இன்னொரு கோடு. இந்தக் கீழ்க்கோட்டைத் தாண்டி யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம்.

மீன்கள் வர இன்னும் சில வாரங்கள் ஆகும். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருக வேண்டும். அதுவரை காலித் தொட்டிதான். ஆனாலும், இரவில் கரண்ட் போனால் அந்த வீட்டில் யாரும் பதறி எழுவதில்லை. கீழ் வீட்டு மாமியின் சீலிங்கும் புதுப் பெயின்ட்டோடு அப்படியே இருக்கிறது.