தானா ஆன் ஆகும் பொட்டி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நடுவுல ரெண்டு நாள் லீவு போட்டுட்டு தஞ்சாவூர் போய் ஒரு பேய் ஓட்டிட்டு வந்தேன். அந்தக் கதைதான் இது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. அம்மா தனியாத்தான் இருக்காங்க. சென்னைக்கு வந்துடுங்கன்னு நானும் அண்ணனும் மாத்தி மாத்தி சொல்லிப் பாத்தாச்சு. "பாக்கலாம்"ங்கறதுதான் பதில். ஹால்ல அப்பா 2010-ல வாங்கின டெஸ்க்டாப் இருக்கு. ஜி31 போர்டு, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியோட கைகழுவின சமாசாரம். அதனால நெட் ஒயரை எப்பவோ பிடுங்கியாச்சு. அம்மாவுக்கு அதுல ரெண்டே வேலை. பழைய போட்டோ பாக்கறது, சீட்டு ஆடறது.

ஒருநாள் போன்ல பேசிட்டு இருக்கும்போது சாதாரணமா கேட்டாங்க.

"ஏண்டா, கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகுமா?"

ராத்திரி ரெண்டரை மணிக்கு ஹால்ல விண்டோஸ் மியூசிக் கேட்டுருக்கு. எழுந்து போய் பாத்தா, இருட்டுல திரை மட்டும் வெளிச்சமா இருக்கு. அதுல அப்பா பேர். (லாகின் இன்னும் அவர் பேர்லதான்.) அந்த மாசத்துல அது மூணாவது தடவையாம்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"உங்கண்ணன் காதுல விழுந்தா பொட்டியத் தூக்கிக் குப்பைல போட்டுட்டு என்னையும் தூக்கிட்டுப் போயிடுவான்."

அன்னிக்கு ராத்திரியே உழவன் எக்ஸ்பிரஸ்.

வழி முழுக்க ஸ்லீப் மோடு மேலதான் என் சந்தேகம். தூங்கற பொட்டியை எழுப்ப மவுஸ் போதும். டேபிள் லேசா ஆடினாலே சில சமயம் எழுந்துக்கும். நெட்வொர்க் கார்டும் எழுப்பும், டாஸ்க் ஷெட்யூலர்ல யாராவது டைமர் வெச்சிருந்தா அதுவும் எழுப்பும். காபி குடிச்ச கையோட டிவைஸ் மேனேஜர் போய் மவுஸ், நெட்வொர்க் கார்டு ரெண்டுலயும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்து விட்டேன். கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி லாஸ்ட்வேக் அடிச்சு, கடைசியா எழுப்பினது யாருன்னு கேட்டா, "யாருமே எழுப்பல"ங்குது.

அப்புறம்தான் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். ராத்திரி 9:10-க்கு 6006, அதாவது ஒழுங்கா ஷட்டவுன். 2:34-க்கு 6005, அதாவது புதுசா பூட் ஆகியிருக்கு. இது தூங்கி எழுந்த கேஸே இல்ல! அம்மா மியூசிக்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஸ்லீப்லேர்ந்து எழுந்தா அந்த மியூசிக் வராது. பூட் ஆனாத்தான் வரும். இத்தனை வருஷம் பொட்டி தட்டி என்ன பிரயோஜனம்?

ஷட்டவுன் ஆன பொட்டி எப்படி தானா எழுந்துக்கும்? இங்கதான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். அந்தக் காலத்துப் பொட்டியில பவர் பட்டன் நேரா கரண்டையே வெட்டிடும். விண்டோஸ் 95 ஆரஞ்சு எழுத்துல "இனிமே அணைக்கலாம்"னு சொன்னதும் நாமளே அமுக்குவோமே, ஞாபகம் இருக்கா? 1995-ல ஏடிஎக்ஸ் வந்ததுக்கப்புறம் கதை மாறிடுச்சு. ஷட்டவுன் பண்ணினாலும் செவுத்து சுவிட்ச் போட்டிருக்கற வரைக்கும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை குடுத்துக்கிட்டே இருக்கும். பொட்டி அரைக்கண் மூடித்தான் படுத்திருக்கும். கரண்ட் போய் திரும்பி வந்தா என்ன பண்ணணும்னு பயாஸ்ல ஒரு செட்டிங் உண்டு.

"ராத்திரி கரண்ட் போச்சாம்மா?"

"போகவே இல்லடா. ஃபேன் ஓடிட்டுத்தானே இருந்துது."

இன்வெர்ட்டர்! ஃபேனும் லைட்டும் அதுல ஓடும். கம்ப்யூட்டர் பாயின்ட் அதுல கிடையாது. யுபிஎஸ் பேட்டரி செத்து பல வருஷம் ஆச்சு. கரண்ட் போனது அம்மாவுக்குத் தெரியாது, பொட்டிக்கு மட்டும் தெரியும்.

பொட்டியை ஷட்டவுன் பண்ணிட்டு மெயினை ஒரு நிமிஷம் எறக்கினேன். ஃபேன் ஓடுது. திரும்ப ஏத்தினேன். பொட்டி விர்ர்ர்னு கிளம்பி, மியூசிக் வந்து, அப்பா பேர் வந்து நின்னுச்சு.

"இவ்வளவுதானா?"ன்னாங்க அம்மா. நிம்மதியாத்தான் சொன்னாங்கன்னு நெனச்சேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

எஃப்2 அமுக்கி உள்ள போனா, பவர் மெனுவுல "ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்: பவர் ஆன்". அதை "ஸ்டே ஆஃப்"னு மாத்திட்டு வெற்றி வீரனா தூங்கப் போனேன்.

மறுநாள் காலைல அம்மா டேபிளுக்குக் கீழ குனிய முடியாம ஒரு கையால நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. பட்டன் அங்க தரையோரமா இருக்கு. "சுவிட்ச் போட்டா தானா வந்துடுமேடா, இப்ப வரலையே. அப்பா முட்டி ஆபரேஷனுக்கப்புறம் குனிய முடியலேன்னு ஒரு பையனை வெச்சு ஏதோ மாத்தினாரு."

அப்பதான் எல்லாம் புரிஞ்சுது. அப்பா தினமும் ஷட்டவுன் பண்ணிட்டு செவுத்து சுவிட்சையும் அணைச்சுட்டுத்தான் படுப்பார். அதனால ராத்திரி கரண்ட் வந்தா என்ன, போனா என்ன. அவர் போனப்புறம் அம்மாவுக்கு போன்ல கிளாஸ் எடுத்தது நான்தான். "சுவிட்சைத் தொடாதீங்க, கெட்டுப் போயிடும். ஸ்டார்ட் மெனுல ஷட்டவுன் மட்டும் குடுங்க, போதும்." பேயைக் கூட்டிட்டு வந்ததே இந்தப் புத்திசாலிதான்.

அப்பா செட்டிங்கையே திரும்ப வெச்சேன். ஷட்டவுன் ஆகி ஃபேன் சத்தம் நின்னப்புறம் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் குடுத்தேன். "இதைத்தானே அவரும் சொல்வார்"னு சிரிச்சாங்க.

கிளம்பும்போது லாகின் பேரை மாத்தி வைக்கட்டுமான்னு கேட்டேன்.

"அது இருக்கட்டும்"னாங்க.

டிஸ்கி: தினமும் சுவிட்சை அணைச்சா, போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி சீக்கிரம் தீரும். ஸ்டாண்ட்பை கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்தை ஓட்டறது அதுதான். அது செத்தா தேதியும் போகும், பயாஸ் செட்டிங்கும் போகும். காசு கம்மிதான், புதுசு போட்டுட்டு வந்துட்டேன். அதை மாத்தினா பயாஸ் செட்டிங்கை ஒருதடவை சரிபாருங்க. உங்க வீட்டுப் பொட்டியில அது யாருக்காக வெச்சதுன்னும் கேட்டுட்டு அப்புறம் மாத்துங்க.