திரும்பி வரும் ஊசி

திருவிவிலியத்தில் முதன்முதலாகத் தைக்கப்பட்ட ஆடை அத்தி இலைகளால் ஆனது. அதைத் தைத்தவர்கள் நம் முதற்பெற்றோர். ஆனால் அதே அதிகாரத்தின் இறுதியில் இன்னோர் ஆடையும் வருகிறது. தோட்டத்தினின்று அவர்களை வெளியேற்றுமுன் ஆண்டவராகிய கடவுளே அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்துகிறார். தண்டனையை அறிவித்தவரே, வெயிலும் குளிரும் அவர்களைத் தாக்காதபடி ஆடையும் செய்தார். குருமடத்தில் தொடக்கநூல் வகுப்பில் பேராசிரியர் இதைச் சுட்டிக்காட்டியபோது, தேர்வுக்கு உதவும் குறிப்பாக மட்டுமே எழுதி வைத்துக்கொண்டோம். அதன் பொருள் நம் உள்ளத்தில் இறங்குவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளும், அயல்நாட்டுக் கைம்பெண் ஒருவரின் ஊசியும் தேவைப்பட்டன.

2019 செப்டம்பர் முதல் ஆறு மாத காலம், நம் ஆயரின் இசைவோடு, இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள சிறு பங்கு ஒன்றில் பணியாற்றினோம். ஞாயிறு திருப்பலிக்கு 80 பேர் வந்தால் அது பெரிய கூட்டம். அவர்களுள் எழுபது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர் இருந்தார். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய மறுமலர்ச்சிக் கால உடைகளை, அக்காலத்து முறைப்படியே கையால் தைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு என்று பங்கு மக்கள் சொல்லிக் கேள்விப்பட்டோம். நாடகத்திற்கா என்று கேட்டோம். நாடகம் போலத்தான், ஆனால் நாடகம் அன்று என்றார்கள்.

மேலைநாடுகளில் இப்பொழுதுபோக்கு நாம் எண்ணுவதைவிடப் பரந்தது. அமெரிக்காவில் 1963இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மறுமலர்ச்சிக் காலச் சந்தை ஒன்று நடத்தப்பட்டது. அதைப் பின்பற்றி இன்று பல மாநிலங்களில் அத்தகைய சந்தைகள் கூடுகின்றன. இங்கிலாந்தில் பழைய மாளிகைகள் சிலவற்றில், கோடை நாட்களில், டியூடர் அரசர் காலத்துத் தச்சராகவும் சமையற்காரராகவும் பால் கறப்பவராகவும் சாதாரண மக்களே வாழ்ந்து காட்டுவர். இவர்களுள் பலர் தம் உடையைத் தாமே ஆய்ந்து தாமே தைக்கிறார்கள். ஹோல்பைன் தீட்டிய உருவப்படங்களில் மணிக்கட்டுப் பூவேலையை இழை இழையாக எண்ணுகிறார்கள். ஜேனட் ஆர்னால்டு என்னும் ஆங்கிலேய அம்மையார், 1560 முதல் 1620 வரையான காலத்து உடைகளை அருங்காட்சியகங்களில் நேரில் அளந்து, வெட்டும் முறையை வரைபடங்களாக்கி 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். அது இவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மறைநூல். மரமணியின்மேல் பட்டுநூல் சுற்றிப் பொத்தான் செய்வார்கள். உடையின் பகுதிகளைப் பிணைக்கும் கயிறுகளின் நுனிக்குப் பித்தளைக் குப்பி மாட்டுவார்கள். கழுத்தைச் சுற்றி நிற்கும் மடிப்புப் பட்டைக்குக் கஞ்சி போட்டு, சூடேற்றிய இரும்புக் கோலால் மடிப்பு மடிப்பாக நிமிர்த்துவார்கள்.

இவையெல்லாம் பின்னர் நாம் அறிந்தவை. அறியுமுன்னரே தீர்ப்பிட்டுவிட்டோம் என்பதுதான் நாம் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியது.

அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள், பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு. நற்செய்தி, செல்வரும் இலாசரும் பற்றியது. செந்நிற ஆடையோடு அச்செல்வர் உடுத்தியிருந்ததாக லூக்கா கூறும் மெல்லிய துணிக்குக் கிரேக்க மூலத்தில் 'பிஸ்ஸோஸ்' என்று பெயர். அது ஆளிச்செடியின் நாரிலிருந்து நெய்யப்படும் லினன் துணி. இந்த விளக்கத்தை ஆர்வத்தோடு கூறிய நாம், அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இறந்துபோன அரசர்களின் காலத்து உடையை லினனிலும் பட்டிலும் தைத்து ஆண்டுகளைக் கழிப்போர் இவ்வூரிலும் உண்டென்றும், வாசலில் கிடக்கும் இலாசர் அவர்கள் கண்ணில் படுவாரா என்றும் கேட்டோம். மறையுரை முடிந்தபின் ஆலயத்தில் நிலவிய அமைதி தியான அமைதி அன்று என்பது நமக்குப் பிறகே புரிந்தது.

வாசலில் கைகுலுக்கிய அந்த அம்மையாரின் முகத்தில் சினம் இல்லை. “புதன்கிழமை மாலை தேநீருக்கு வாருங்கள், தந்தையே” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

போனோம். சன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் பூதக்கண்ணாடி, அதன் அருகே வெள்ளை லினனில் ஓர் ஆண்சட்டை. கழுத்துப் பட்டியிலும் ஒரு கையின் மணிக்கட்டுப் பட்டியிலும் கருநிறப் பட்டுநூலால் கொடியும் இலையுமாகப் பூவேலை. மற்றொரு கைப்பட்டி பாதியில் நின்றது. அச்சட்டை எவ்வாறு வெட்டப்பட்டது என்று அவர் விளக்கினார். உடலும் கைகளும் நீள்சதுரங்கள். அக்குளில் வைத்துத் தைப்பது ஒரு சிறு சதுரம். வளைத்து வெட்டினால் துணி வீணாகும். லினன் அருமையாக இருந்த காலத்தில் ஒரு விரற்கடைகூட வீணாக்க மாட்டார்களாம்.

“யாருக்காகத் தைக்கிறீர்கள்?” என்று கேட்டோம்.

கணவருக்காகத் தொடங்கியது என்றார். அவர் தச்சர், கோடைதோறும் நடிப்புக் குழுவிலும் தச்சராகவே அமர்வார். பின்னர் நோயில் வீழ்ந்து இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். மருந்து கொடுத்து, படுக்கைப் புண்களைக் கழுவி, அவர் கண்ணயரும் வேளையில் அம்மையார் படுக்கையருகே அமர்ந்து இழை எண்ணித் தைப்பாராம். கழுத்தும் ஒரு கையும் முடிந்திருந்தபோது, 2018இன் இறுதியில், அவர் இறைவனடி சேர்ந்தார்.

இதைச் சொல்லும்போது நம் மறையுரையை அவர் குறிப்பிடவே இல்லை. குறிப்பிடவும் வேண்டியிருக்கவில்லை. இலாசர் அவருடைய வாசலில் கிடக்கவில்லை, வீட்டுக்குள்ளேயே கிடந்திருந்தார். அவருடைய புண்களைக் கழுவிய கைகள்தாம் இந்த ஊசியையும் பிடித்திருந்தன. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டோம். “அறியாமல்தானே சொன்னீர்கள்” என்று கூறி, முடிந்திருந்த கைப்பட்டியை நம் கையில் கொடுத்து, “இதில் எது நல்ல பக்கம், சொல்லுங்கள் பார்ப்போம்” என்றார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சொல்ல முடியவில்லை. முன்னும் பின்னும் ஒரே கொடி, ஒரே இலை.

அத்தையலுக்கு ஓவியர் ஹோல்பைனின் பெயரே வழங்குகிறது. 1543இல் இறந்த அவர் தீட்டிய படங்களில், குறிப்பாக வியன்னாவிலுள்ள அரசி ஜேன் சீமோரின் படத்தில், இப்பூவேலை கைப்பட்டியில் தெளிவாகத் தெரிகிறது. மணிக்கட்டுப் பட்டியைக் கை அசையும்போது எல்லோரும் இருபுறமும் காண்பர்; ஆகவே உட்புறமும் வெளிப்புறம் போலவே இருக்க வேண்டும். செய்முறை எளிது. ஊசி இழைகளை எண்ணிக்கொண்டு, ஒரு தையல் மேலே, ஒரு தையல் கீழே என்று செல்லும். போகும்போது கோடு முழுமையாக இராது. ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளியாகவே கிடக்கும். வழியின் முடிவில் ஊசி திரும்ப வேண்டும். வந்த வழியே, அதே துளைகளின் ஊடாக, விட்டுப்போன இடங்களை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் இருபுறமும் கோடு நிறையும்.

இன்னொன்றும் அவர் கூறினார். அக்காலத்தில் பட்டுநூலுக்குக் கருநிறம் ஏற்ற இரும்புச் சத்துள்ள சாயத்தைப் பயன்படுத்தினார்கள். அது நாளடைவில் நூலையே அரித்துவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய துணிகள் பலவற்றில் கருநூல் உதிர்ந்துபோய், லினனில் ஊசித்துளைகள் மட்டுமே எஞ்சியுள்ளன. அத்துளைகளைப் பார்த்தே பழைய பூவேலையை இவர்கள் மீட்டெடுக்கிறார்கள். “போனவர்கள் விட்டுச்சென்ற துளைகளும் வழிகாட்டும், தந்தையே” என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பரில் பங்கு மக்கள் சிலரோடு ஒரு பேருந்தில் லண்டன் அருகிலுள்ள ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குச் சென்றோம். அங்கே ஒரு துணி காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. ஹெரிபோர்டு வட்டாரத்தில் பாக்டன் என்னும் சிற்றூரின் ஆங்கிலிக்கன் ஆலயத்தில் பல தலைமுறைகளாக இருந்து, நூறாண்டுக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கிய பலிபீடத் துணி அது. வெள்ளிச்சரிகை கலந்து நெய்த பட்டில் ரோசாவும் பிற மலர்களுமாக நுட்பமான பூவேலை. இடையிடையே பின்னாளில் வேறொரு கை தைத்துச் சேர்த்த வண்ணத்துப்பூச்சிகள், தவளைகள், கரடிகள். ஆய்வாளர்கள் அதை உற்றுநோக்கியபோது, அது உடையாக வெட்டப்பட்ட துணி என்பது புலனாயிற்று. முதலாம் எலிசபெத் அரசியின் ஆடையின் பகுதியாகவே அது இருந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். அவ்வூரோடு தொடர்புடையவரும், அரசிக்கு நெடுங்காலம் பணிவிடை செய்து 1590இல் இறந்தவருமான பிளான்ச் பாரி அம்மையாரின் நினைவாக அது அங்கே வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் 1570இல் திருச்சபையினின்று விலக்கிய அரசியின் ஆடை, ஓர் எளிய ஊரின் பீடத்தை மூடியது. இதற்கு நேர்மாறான செய்தியை அம்மையார் அங்கேயே கூறினார். டார்பி பகுதியில் ஹார்ட்விக் மாளிகை உள்ளது. சிறைப்பட்ட ஸ்காட்லாந்து அரசி மரியாவைக் காவலில் வைத்திருந்த பிரபுவின் மனைவியும், மரியாவோடு அமர்ந்து பூத்தையல் செய்தவருமான எலிசபெத் டால்பட் சீமாட்டி கட்டியது. அங்குள்ள பெரிய சுவர்த்திரைகள் சிலவற்றில், சமயப் பிளவுக்குப்பின் ஆலயங்களிலிருந்து வெளியேறிய காப்பாக்களும் திருவுடைகளும் வெட்டி ஒட்டப்பட்டுள்ளன. ஒரு குரு அணிந்து நின்ற துணி மாளிகைச் சுவருக்குப் போயிற்று. ஓர் அரசி அணிந்து நின்ற துணி பலிபீடத்துக்கு வந்தது. மனிதர் சண்டையிட்டுப் பிரிந்தனர். துணி இருபக்கமும் நடந்துகொண்டிருந்தது.

இக்காட்சியால் உள்ளம் நெகிழ்ந்த நாம், திரும்பும் வழியில் அம்மையாரிடம் ஒரு யோசனை சொன்னோம். “அந்தச் சட்டையை முடித்ததும் ஆலயத்துக்குத் தந்துவிடுங்கள். பீடத்துக்குரிய துணியாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கணவரின் நினைவு திருப்பலியில் என்றும் நிலைக்கும்.” நம் முந்திய தவறுக்கு இது நல்ல பரிகாரம் என்று எண்ணினோம்.

அவர் சிரித்தார். “வேண்டாம், தந்தையே. அக்காலத்தில் மேலே அணியும் பட்டையும் வெல்வெட்டையும் துவைக்க முடியாது. அவை கெடாதபடி உடலை ஒட்டி நின்று வியர்வையை ஏற்பதுதான் சட்டையின் வேலை. அதனால்தான் அதைத் துவைக்கத்தக்க லினனில் தைத்தார்கள். என் கணவர் வியர்வை சிந்தி உழைத்தவர். இதை யாரேனும் ஒருவர் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கண்ணாடிக்குள்ளும் வேண்டாம், பீடத்துக்கும் வேண்டாம்.”

இரண்டாம் முறையும் தவறினோம் என்று அறிந்தோம். முதலில் அவருடைய உழைப்பை வீண் என்றோம். பிறகு, அது பீடத்துக்கு வந்தால்தான் புனிதமாகும் என்று நினைத்தோம். இரண்டும் ஒரே தவற்றின் இருபுறங்கள். வாக்கு மனிதரானார் என்று நாள்தோறும் அறிக்கையிடும் நாம், அவர் நாசரேத்தில் தச்சராக வியர்வை சிந்திய ஆண்டுகளை எளிதாகக் கடந்துபோகிறோம். அந்நாட்களில் அவர் உடுத்திய ஆடையை யாரோ நூற்றார்கள், நெய்தார்கள், துவைத்தார்கள். அந்தக் கைகள் எந்தப் பீடத்தருகிலும் நின்றவை அல்ல. ஆயினும் அவை தீண்டியது அவருடைய திருவுடலை உடுத்திய துணியை.

குளிர்கால மாலைகளில், சட்டையை வெட்டி எஞ்சிய ஒரு சிறு லினன் துண்டில், அம்மையார் நமக்கு அத்தையலைக் கற்பித்தார். மறையியல் கற்ற விரல்களுக்கு அது எளிதில் வசப்படவில்லை. ஓர் இழையைத் தவறாக எண்ணினால் பத்துத் தையலுக்கு அப்பால்தான் தெரியும்; பிரித்துத்தான் ஆக வேண்டும். 2020 பிப்ரவரியில் புறப்பட்டபோது, அத்துண்டையும் ஊசியையும் நம் கையில் வைத்து அனுப்பினார்.

2022 கோடையில் அவருடைய கடிதம் வந்தது. பெருந்தொற்றினால் நின்றிருந்த நடிப்புக் குழு மீண்டும் கூடியதாம். குழுவில் புதிதாகச் சேர்ந்த இளந்தச்சர் ஒருவர் சட்டையை அணிந்து இரண்டு நாட்கள் மரம் இழைத்தாராம். கழுத்துப் பட்டி வியர்வையில் பழுப்பேறிவிட்டதாம். துவைத்துக் காயப்போட்டதாகவும், ஒரு தையலும் விடவில்லை என்றும் எழுதியிருந்தார். அவ்வரிகளில் இருந்த மகிழ்ச்சியை எந்த நன்றித் திருப்பலியிலும் நாம் கண்டதில்லை.

எபிரேய மொழியில் மனமாற்றத்தைக் குறிக்கும் சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பதே அடிப்படைப் பொருள் என்று குருமடத்தில் கற்றோம். ஐம்பது வயதைக் கடந்தபின், ஒரு லினன் துண்டின்மேல் அதைக் கண்டோம். போகும்போது நாம் விட்ட இடைவெளிகள், திரும்பி வந்தாலன்றி நிறைவதில்லை. திருச்சபை தன் ஞாயிறு வாசகங்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும்படி அமைத்திருப்பதும் நமக்கு அந்த ஊசியின் வழியாகவே இப்போது தெரிகிறது.

2022 செப்டம்பர் 25. நம் பங்கில், பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு. அதே செல்வர், அதே இலாசர். பீடத்தருகே நின்று வாசித்தபோது நாக்கு சற்றுத் தடுமாறிற்று. இம்முறை யாருடைய உடையைப் பற்றியும் நாம் பேசவில்லை. நோயுற்றோரை வீட்டில் வைத்துப் பேணுகிறவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டோம். சற்று நேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. அவற்றுள் எட்டுக் கைகள், அதுவரை அந்த வீடுகளின் நோயாளர் பற்றி நாம் அறிந்திராதவர்களுடையவை.

அன்று மாலையே முதல் வீட்டுக்குப் புறப்பட்டோம்.