பெயர் தெரியாத பற்று

வங்கிக் கணக்கேட்டை வாசிப்பதும் ஒரு வகை வாசிப்புதான். தணிக்கை அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்பதால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. முன்பெல்லாம் அந்த ஏட்டில் தெரிந்த பெயர்களே வரும். ஓய்வூதியம், மின்கட்டணம், காசோலை எண், இன்னாருக்கு இவ்வளவு. இன்று பற்றுப் பத்தியில் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளும் எண்களும் நட்சத்திரக் குறிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. யாருக்குக் கொடுத்தோம் என்பது கொடுத்தவருக்கே விளங்காத ஒரு கணக்குமுறை மெல்ல நம் வழக்கமாகிவிட்டது.

மென்பொருள் விற்கப்படும் விதம் மாறியது இதற்கு ஒரு காரணம். ஒரு காலத்தில் மென்பொருள் பெட்டியில் வட்டாக வந்தது. ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2011இல் ஆபீஸ் 365 என்ற சந்தா முறையைக் கொண்டுவந்தது. அடோபி நிறுவனம் 2013இல் தன் பழைய தொகுப்புக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை, சந்தா மட்டுமே என்று அறிவித்தது. பிறகு சிறிய நிறுவனங்களும் அதே வழியில் நடந்தன. பல நாடுகளில் வரி கட்டுவதும் அட்டைப் பணம் வசூலிப்பதும் சிறியவர்களுக்கு இயலாத காரியம் என்பதால், நடுவே ஒரு வசூல் நிறுவனம் நிற்கிறது. சட்டப்படி விற்பவர் அந்த இடையாளர்தான். கணக்கேட்டில் முன்னால் வருவதும் அவர் பெயர்தான்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது 2025 செப்டம்பரில். மயிலாடுதுறையிலிருந்து பெரியப்பா பேசினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தொலைபேசியில் அதிகம் பேசாதவர். "ஒரு நாள் வந்துட்டுப் போப்பா. கணக்குல ஏதோ புரியாத வரி வருது" என்றார். குரலில் பணத்தைப் பற்றிய கவலையைவிட வேறு ஏதோ இருந்தது.

போன பிறகுதான் விளங்கியது. வீட்டில் பாத்திரம் துலக்கி, காய் நறுக்கிக் கொடுத்துப் பெரியம்மாவுக்கு உதவியாக இருக்கும் அம்மாள் நான்கு நாட்களாக வரவில்லை. அவருடைய மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பெரியப்பாவின் கைபேசியையும் மடிக்கணினியையும் பழக்கிக் கொடுத்தவன் அவன். "அவன்தானேப்பா பாஸ்வேர்டெல்லாம் போட்டுக் கொடுத்தான்? வேற யாரு இந்த வீட்டுல அதைத் தொடறா?" என்றார் பெரியம்மா. அந்த அம்மாளிடம், "உன் பையன் எதையாவது அமுக்கிட்டானான்னு கேட்டுச் சொல்லு" என்று மட்டும்தான் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது. பெரியப்பா சாய்வு நாற்காலியில் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் செய்யவேண்டியதைச் செய்தோம். வங்கிச் செயலியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது திறந்துவிட்ட வசதி அது. பிறகு வங்கிக்குத் தகவல். வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையின்றி வேறெங்கோ நேர்ந்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பங்கில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி. தாமதித்தால் இழப்பில் ஒரு பகுதி நம் தலையில் விழும். ஆகவே வங்கியிடம் சொல்வதற்கு அவசரம் உண்டு. ஒரு மனிதர்மேல் பழி சொல்வதற்கு அப்படி எந்தக் கெடுவும் கிடையாது. அந்த வீட்டில் இரண்டும் தலைகீழாக நடந்திருந்தன.

பிறகு வரியை வாசிக்க உட்கார்ந்தேன். ஜூலை 11, 860.15 ரூபாய். ஆகஸ்ட் 11, 877.40. செப்டம்பர் 11, 884.90. ஒவ்வொன்றின் கீழும் 35, 36 ரூபாய்க்கு ஒரு சிறு பற்று. தேதி மாறவில்லை, தொகை மட்டும் மாறுகிறது. திருடர்களும் சிறு தொகையில் ஆழம் பார்ப்பதுண்டு. ஆனால் மாதம் தவறாமல் அதே தேதியில் வருவது சந்தாவின் குணம். தொகை ஏறி இறங்குகிறதென்றால் விலை ரூபாயில் இல்லை. அன்றைய மாற்று விகிதத்தில் வகுத்துப் பார்த்தால் மூன்றும் பத்து டாலருக்குச் சற்றுக் குறைவான ஒரே விலையில் வந்து நின்றன. கீழே இருந்த சிறு பற்று, அந்நியச் செலாவணிக்காக வங்கி எடுக்கும் கட்டணமும் அதன்மீதான 18 விழுக்காடு வரியும்.

இனி பெயர். நட்சத்திரக் குறிக்கு முன்னால் ஓர் இடையாளரின் சுருக்கப் பெயர். பின்னால் பாதியில் வெட்டுப்பட்ட ஆறெழுத்து. கடைசியில் டப்ளின் என்ற ஊர். பெரியம்மாவைக் கலங்கடித்தது அந்த ஊர்ப்பெயர்தான். அட்டைப் பரிமாற்றச் செய்திகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8583 என்ற பன்னாட்டு வடிவத்தில் வணிகரின் பெயர், ஊர், நாடு எல்லாவற்றுக்கும் சேர்த்தே 40 எழுத்திடங்கள்தான். அதிலும் பெயருக்குக் கிடைப்பது இருபத்துச் சொச்சம். இடையாளர் பெயர் முன்பாதியை எடுத்துக்கொண்டால், நாம் உண்மையில் வாங்கிய பொருளின் பெயர் வாலறுந்து போகும். அந்த ஆறெழுத்து எந்த மொழியிலும் ஒரு சொல்லாக இல்லை.

பெரியப்பாவின் மின்னஞ்சலில் பெயரைத் தேடாமல் டாலர் தொகையைத் தேடினேன். விளம்பர மடல்களுக்கான தனி அறையில் மூன்று ரசீதுகள், படிக்கப்படாமல். பக்கங்களைப் படமெடுத்தால் கோணல் நிமிர்த்தி, கறை நீக்கி, ஒரே கோப்பாகக் கட்டித்தரும் மென்பொருள். முதல் ஏழு நாள் இலவசம்.

வங்கிச் செயலியில் தானியங்கிப் பற்றுக்கான ஒப்புதல்கள் ஒரு பட்டியலாக இருக்கும். ரிசர்வ் வங்கி 2019இல் வெளியிட்டு, 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக்கிய ஏற்பாடு அது. முதல் ஒப்புதலுக்கு ஓடிபி வேண்டும். ஒவ்வொரு பற்றுக்கும் 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வரவேண்டும். பட்டியலில் பதிவான நாள் ஜூலை 4. அதற்கான ஓடிபி பெரியப்பாவின் கைபேசியிலேயே இருந்தது, இரவு 11.42க்கு. முன்னறிவிப்புகளும் மூன்று இருந்தன. கடன் தருகிறோம், காப்பீடு எடுங்கள் என்ற குறுஞ்செய்திகளுக்கு இடையில், ஆங்கிலத்தில்.

"ஜூலை தொடக்கத்தில் ராத்திரி விழித்திருந்து என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். பெரியப்பா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்தார். கல்லூரி நாட்களில், 1970களின் தொடக்கத்தில், நண்பர்களோடு சேர்ந்து நடத்திய கையெழுத்து ஏடு. எழுதிய ஐந்து பேரில் இன்று இருப்பவர் இவர் ஒருவர்தான். தாள் ஓரம் பொடியத் தொடங்கியிருந்தது. கைபேசியில் பக்கங்களைப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவன் அந்தப் பையன். படங்களை ஒரே நூலாகக் கட்டவேண்டும் என்ற ஆசையில் ஓர் இரவு தாமாகவே தேடி, 'இலவசம்' என்றிருந்த பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஏழாம் நாளுக்குப் பிறகு என்ன என்பது அந்தப் பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது.

இந்த வகை ஏற்பாட்டுக்கு அரசே பெயர் சூட்டியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வடிவங்களைப் பட்டியலிட்டது. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. நுழைவது சுலபம், வெளியேறுவது கடினம். எங்களுக்கும் வெளியேற ஒரு முழு மாலை ஆயிற்று. விற்பவரிடம் சந்தாவை முடித்து, அதற்கான மடல் வந்த பிறகு வங்கியிலும் ஒப்புதலை நீக்கினோம். இரண்டும் வேண்டும். மோசடி என்று கொடுத்த புகாரையும் திரும்பப் பெற்றோம். ஓடிபி கொடுத்து ஒப்பியதை மோசடி என்று சொல்வது முறையாகாது. முறையிட்டு எழுதியதில் கடைசி மாதத் தொகை மட்டும் பத்து நாளில் திரும்பி வந்தது.

அன்று இரவே பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "போன்ல சொல்லிடலாமே" என்றார் பெரியம்மா. அவர் பதில் சொல்லவில்லை. நானும் உடன் போனேன். இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. வாசலில் நின்றபடியே, "தம்பி, அந்தப் பணம் நான் கட்டினது. உன்கிட்ட ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல கேட்டது தப்பு" என்றார், அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கும் குரலில். பையன், "பரவால்ல ஐயா" என்றான். அவனுடைய அம்மா உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். யாரும் உட்காரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் வேலைக்கு வந்துவிட்டார். பெரியம்மா அவரிடம் முன்பைவிடக் கூடுதலாகப் பேசுகிறார். பையன் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான். வீட்டுப் படி ஏறுவதில்லை. கையெழுத்து ஏட்டில் பாதிக்குமேல் படமெடுக்காமல் கிடக்கிறது. அவனைக் கூப்பிடுங்களேன் என்று போன மாதம் சொன்னேன்.

"கூப்பிட்டா வந்துடுவான். அதனாலதான் கூப்பிடல" என்றார் பெரியப்பா.