பாதியில் மூடிய நாவல்

தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் குறும்படப் போட்டிக்கு எழுதும் ஸ்கிரிப்டைப் படிக்கக் கொடுத்தால், பெரும்பாலும் முதல் காட்சியிலேயே தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்துவிடும். இரவு, மழை, இரட்டைப் பாலம், பிடிக்காத பிரேக். படிக்கிறவரை முதல் பக்கத்திலேயே உலுக்கிவிட வேண்டுமாம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' வழியாக நலன் குமரசாமியும் கார்த்திக் சுப்பராஜும் சினிமாவுக்குப் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. கவிழும் லாரிதான் பிடிக்கவில்லை. சேலம் நோக்கி இறங்கும்போது நியூட்ரலில் போடாதே என்று போலீஸ் எவ்வளவு சொன்னாலும், டீசல் மிச்சமாகும் என்று போடுகிற டிரைவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் கை கியரை நோக்கிப் போகிற அந்த நொடியை எழுதுங்கள் என்பேன். மிச்சம் பிடிக்கும் அந்தக் காசு யாருக்காக?

இதைச் சொல்லும்போதெல்லாம் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' நினைவுக்கு வருகிறது. கல்கி பத்திரிகையின் வெள்ளி விழா நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்ற கதை. நடுவர்கள் அதைக் கடைசி வரி வரை படித்திருப்பார்கள். பின்னால் அதைப் படமாக்கக் கையில் எடுத்த இயக்குநர் மகேந்திரனோ முழுதாகப் படிக்கவில்லை. மலையில் விஞ்ச் என்ற இழுவை இயந்திரம் ஓட்டும் காளி, தங்கை வள்ளி மேல் அவன் வைத்த உயிர், ஒரு கை போன பிறகும் வளையாத அவன் வீம்பு. இவை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் திரைக்கதையைத் தொடங்கிவிட்டார். எழுதியவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு பாத்திரம் இன்னொரு படைப்பாளியின் கையில் பேனாவைத் திணித்துவிட்டது.

நாவலில் காளியின் கையைப் பறித்தது புலி. 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த படத்தில் அது லாரி. ஆம், மகேந்திரனும் லாரியைத்தான் கொண்டுவந்தார். ஆனால் அது வருவதற்கு வெகு முன்பே காளியை நமக்குத் தெரியும். இன்ஜினீயர் தன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்த ஆத்திரத்தில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறான். லாரி ஏறுகிறது. பழி முழுவதையும் அந்த இன்ஜினீயர் மேலேயே போடுகிறான். விபத்தைவிட அந்தப் பழிதான் என்னை உலுக்கியது. நியாயமே இல்லாத பழி. ஆனாலும் அவன் பக்கம் நிற்கத் தோன்றுகிறது.

படத்தின் முடிவைப் பாருங்கள். அண்ணனை மீறி அந்த இன்ஜினீயரைக் கல்யாணம் செய்துகொள்ளப் புறப்பட்ட வள்ளி திரும்பி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். உலகமே தோற்று, தான் ஜெயித்ததுபோலக் காளி பூரிக்கிறான். அதன் பிறகு, அவனே அவளை அந்த இன்ஜினீயரிடம் கொடுக்கிறான். கொடுக்கும்போதும், உங்களை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். இன்றைய போட்டி ஒன்றுக்கு இது வந்தால், கடைசியில் நாயகன் மனம் மாறவேண்டாமா என்று யாராவது ஓரத்தில் எழுதி வைப்பார்கள். எழுதிய பிள்ளை அதைக் கேட்டுத் திருத்திவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.