நடந்த மண்ணும் உண்ட கீரையும்

ஆரோவில்லில் உள்ள சாலிட்யூட் பண்ணைக்குப் போய்வந்த அனுபவத்தை நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் பிறந்த கிருஷ்ணா மெக்கன்ஸி 1996-இல் தொடங்கிய பண்ணை அது. ஜப்பானிய இயற்கை உழவர் மசானபு ஃபுகுவோக்காவின் வழியில் நடப்பவர் அவர். சரளமான தமிழில் பேசியபடி வந்தவர்களைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போவார். நாம் களை என்று பிடுங்கி எறிகிற செடிகளைக் கிள்ளித் தின்னக் கொடுப்பார். நடை முடிந்தால் அதே தோட்டத்து இலையும் காயும் மதியச் சாப்பாடாக வரும்.

நண்பர் சடையங்குப்பத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறவர். "அவ்ளோ தூரம் போனீங்களே, எங்க ஊர் ஆயாவோட ஒரு நாள் நடந்து பாருங்க" என்றார். ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மணலியைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அருகில் இருக்கிறது சடையங்குப்பம். ஊராட்சியாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைகளின் புகைபோக்கி கண்ணில் படும். இருளர் குடியிருப்பு வாசலில் ஆயா காத்திருந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. கையில் கத்தியும் இல்லை, கூடையும் இல்லை.

அவருடைய கருவி மடிதான். புடவை முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, அதில் மூன்று பைகள் போல முடிச்சிட்டுக்கொண்டார். மசியலுக்கு ஆகிற கீரை ஒன்றில், கசக்கிற கீரை இன்னொன்றில், மருந்துக்கு ஆகிறது மூன்றாவதில். மடி கனக்கும்போது போதும் என்று நிறுத்திக்கொள்வாராம். "மடி நிறைஞ்சா வூட்டுக்குப் போவணும். மூட்ட கட்டுனா அப்பால அந்த எடத்துல ஒண்ணும் மொளைக்காது கண்ணு."

நடந்தோம். மேட்டில் படர்ந்திருந்த இரண்டு கொடிகள் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. "இது மூக்கிரட்ட. இலையத் திருப்பு, அடில வெளுத்திருக்கும். காம்பு நீட்டிப் பூக்கும். அது சாரண. பூ கணுவுலயே ஒட்டிக்கினு இருக்கும்." அதற்குப் பிறகு எனக்கும் வேறுபாடு தெரிந்தது. தொய்யக்கீரை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை என்று வரிசையாகக் காட்டினார். வேலியில் முடக்கத்தானும் முசுமுசுக்கையும் கோவைக்கொடியும் பின்னிக் கிடந்தன. ஈரத்தில் பச்சைப் பொன்னாங்கண்ணி. கடையில் பளபளக்கும் சிவப்புப் பொன்னாங்கண்ணி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம் மண்ணுக்குரியது இந்தப் பச்சைதான். உப்புத் தரையில் உமரி செழித்திருந்தது. வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பாராம், உப்பே போட வேண்டாமாம்.

எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினார். ஒன்றைக்கூடக் கிள்ளவில்லை. கால்வாய்க் கரையை நெருங்கியபோது அங்கேயே நின்றுவிட்டார்.

ஆயா கீரைக்காரியாகப் பிறந்தவர் அல்லர். பறிக்கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் நகர்ந்து, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடித்தவர். திருமணமான நாளிலிருந்து அதுதான் பிழைப்பு. ஆற்றில் சாம்பலும் கழிவும் சேரச்சேர இறால் குறைந்தது. மழைக்காலத்தில் கீரை கைகொடுத்தது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாயிலும் ஆற்றிலும் இறங்கிக் கடல்வரை பரவியது. வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு விழுந்தது. படகும் வலையும் பிசுபிசுத்தன. அதற்குப் பிறகு ஆயா ஆற்றிலும் இறங்கவில்லை, இந்தக் கரையில் கீரையும் பறிக்கவில்லை. "இல பச்சையாத்தான் கீது. வேரு எத்தக் குடிச்சிதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

அவருடைய அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. மண்ணில் ஈயமோ காட்மியமோ இருந்தால், காயையும் பழத்தையும்விட இலைக்கீரைகள்தாம் அதைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும். தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் இலைக்குள் ஏறியது போகாது.

மதியம் நண்பர் வீட்டுத் திண்ணையில் சாப்பாடு. மண்சட்டியில் கலவைக்கீரை மசியல், முடக்கத்தான் ரசம், உமரிப் பொரியல், சோறு. மத்தால் ஆயாவே கடைந்தார். தொய்யக்கீரையின் மணமும் பருப்புக்கீரையின் புளிப்பும் சேர்ந்த அந்த மசியலின் ருசி இப்போதும் நாவில் இருக்கிறது. அத்தனை கீரையும் பொன்னேரிப் பக்கம் ஆயாவின் தங்கை ஊரிலிருந்து முந்தின நாள் பஸ்ஸில் வந்தது. ஆரோவில்லில் நடந்த மண்ணிலேயே உண்டேன். இங்கே நடந்தது ஒரு மண், உண்டது வேறு மண்.

தங்கை ஊரில் பறிக்கிற தூதுவளையும் முடக்கத்தானும் வியாபாரி ஒருவருக்குப் போகின்றன. அவர் சொல்வதுதான் விலை. எடையும் அவருடைய தராசில்தான். அதே இலை பொடியாகிப் பாக்கெட்டில் ஏறும்போது பாட்டி வைத்தியம் என்று அச்சடிக்கிறார்கள். அந்தப் பாட்டிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. 2002-இல் வந்த பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், செடியை அறிந்த மக்களுக்கும் பயனில் பங்கு உண்டு என்கிறது. உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் இதே சென்னையில், தரமணியில் இருக்கிறது. ஆயாவின் அறிவைத் தேடி இதுவரை எந்தப் பதிவேடும் அவர் வாசலுக்கு வரவில்லை.

பாரம்பரிய உணவைக் கொண்டாடும் நண்பர்களுக்கு ஒரு சொல். கீரையின் பெயரைக் கற்பதோடு நிறுத்தாதீர்கள். அது முளைக்கும் மண்ணுக்காகவும் கேளுங்கள். சடையங்குப்பத்துக் கரை மண்ணைச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஊர்ப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். எதைக் கிள்ளலாம் என்பதை ஆயா சொல்லிவிடுவார். எங்கே கிள்ளலாம் என்பதை மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும்தான் சொல்ல வேண்டும்.